நடுக்கடலில் இருந்து ஒரு மிஸ்ட் கால்

புதன்கிழமை, பிற்பகல் 2.15.

கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பாரில் இருந்து புறப்பட்டோம். நானும் என் மனைவி கமலாவும். வீட்டு வாசலில் இருந்து புலாவ் இண்டா பயணிகள் துறைமுகம் வரை என் வேன் மீட்டரில் நாற்பத்து மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து கப்பலில் தாய்லாந்தின் புக்கெட். மூன்று இரவு. ஜன்னல் இல்லாத அறை, இரண்டு பேருக்கு 1,960 வெள்ளி, மலேசிய ரிங்கிட். ஜொகூரில் வேலை செய்யும் எங்கள் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். முப்பது வருடம் மற்றவர்களை ஏற்றி இறக்கிவிட்டாய், ஒரு தடவை நீயும் உட்கார்ந்து போ என்றான்.

எனக்குப் போக விருப்பம் இல்லை. காரணம் என் தங்கை பார்வதி.

அவளுக்கு ஐம்பத்தோரு வயது. தனியாக இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி, வாரத்தில் மூன்று நாள் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். காலை ஆறரைக்கு மெஷினில் போடுவார்கள். பத்தரை, பதினொன்றுக்கு விடுவார்கள். விட்டதும் அவளுக்குத் தலை சுற்றும். இன்று என்ன கிழமை என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். நான்கு வருடமாக நான்தான் ஏற்றிப் போகிறேன், நான்தான் கூட்டி வருகிறேன்.

நான் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்குப் போனதும் ஆளுக்கு ஒரு மிஸ்ட் கால் கொடுப்போம். வேன் வந்துவிட்டது, இறங்கி வா என்று அதற்கு அர்த்தம். எடுத்துப் பேசக் கூடாது. பேசினால் காசு, நேரம், இரண்டும் போகும். கட் பண்ணிவிட்டு இறங்கி வர வேண்டும். பார்வதிக்கும் அப்படித்தான் பழக்கிவிட்டிருந்தேன். அவளிடம் இருப்பது பொத்தான் போன். இரண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் எனக்கு அடிக்கும். மெஷினில் இருந்து எழுந்ததும் ஒரு அடி அடிப்பாள். வாசலுக்கு வந்ததும் நான் ஒரு அடி அடிப்பேன். அவள் கட் பண்ணிவிட்டு இறங்குவாள்.

கப்பலுக்குப் போகும் நாட்களுக்குப் பாலாவை ஏற்பாடு செய்தேன். அவனும் வேன் ஓட்டுகிறவன், மேருவில் இருக்கிறான். அவன் நம்பரை மூன்றாம் நம்பரில் போட்டுக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை மூன்று தடவை சொன்னேன்.

“வியாழக்கிழமை ரெண்ட அழுத்தாத. மூன அழுத்து.”

“தெரியும் அண்ணே. கெழவி மாதிரி சொல்லிக்கிட்டே இருக்காத” என்றாள்.

டிக்கெட் வாங்கியது பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயண ஏஜெண்டிடம். அன்றைக்கே அவரிடம் ஒன்று கேட்டேன். கப்பலில் போன் எடுக்குமா?

“ஃபுல் கவரேஜ் லா அங்கிள். நடுக்கடல்ல வீடியோ கால் கூட பேசலாம்.”

மறுபடி கேட்டேன்.

“எத்தன தடவ அங்கிள் கேப்பீங்க? வீட்ல இருக்கிற மாதிரிதான். கவலப்படாம போய்ட்டு வாங்க.”

மாலை 4.00.

கப்பலில் ஏறினோம். பதினொரு மாடி. முதல் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். ஒரு பெண் கடலைப் பார்த்து நின்றுகொண்டு போனில் சிரிக்கிறாள். எங்கே இருந்தாலும் உங்கள் அன்புக்குரியவர்கள் பக்கத்திலேயே என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கமலா படித்துச் சொன்னாள்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்கிறவர் தூத்துக்குடிக்காரர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அவர் உண்மைப் பெயரை எழுத மாட்டேன். ஏன் என்று பிறகு புரியும். சேவியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு நின்றார்.

“அண்ணாச்சி எந்த ஊரு?”

“கிள்ளான் பக்கம்.”

“மலேசியாவா? பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சாவே இருக்கு. ஏதும் வேணும்னா சொல்லுங்க.”

ஆறு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. கிரேன்கள் பின்னால் போயின. அந்த வார்ஃபுக்குத் தொழிற்சாலை ஆட்களை எத்தனையோ முறை கொண்டுவந்து விட்டிருக்கிறேன். தண்ணீரில் இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

7.40.

கரை சிக்னல் போனது. கொஞ்ச நேரத்தில் கப்பலின் சொந்த சிக்னல் வந்தது. கூடவே ஒரு செய்தி வந்தது: பேசினால் நிமிடத்துக்கு 20 வெள்ளி. மகன் என் போனுக்கு மட்டும் ரோமிங் போட்டு வைத்திருந்தான். போனில் 38 வெள்ளி இருந்தது. அவசரத்துக்கு ஒரு நிமிடம் பேசலாம், போதும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை, காலை 7.00.

சாப்பாட்டு அறை எட்டாவது மாடியில். நாசி லெமாக் இருந்தது, இட்லி இருந்தது. இட்லி கல். கமலா இரண்டு சாப்பிட்டாள். நான் கோப்பி மட்டும் குடித்தேன். சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர். கடல் பச்சையாக இருந்தது, பிறகு நீலமாக ஆனது. வேறு சொல்ல ஒன்றும் இல்லை. நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஊசி குத்தியிருப்பார்கள். இப்போது பாதி முடிந்திருக்கும்.

10.50.

மேல்தளத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் போன் ஒரு அடி அடித்து நின்றது. பார்வதி.

மூன்றை அழுத்தச் சொன்னேன். இரண்டை அழுத்திவிட்டாள். நான்கு வருடம் ஒரே பொத்தானை அழுத்திய விரல் அது. மெஷினில் இருந்து எழுந்த தலையோடு வேறு எதை அழுத்தும்?

உடனே அவளுக்கு அடித்தேன். இரண்டு அடி போனது. கட் பண்ணினாள்.

மறுபடி அடித்தேன். கட் பண்ணினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் வேனுக்காக அடித்தாள். திரும்ப ஒரு அடி வந்தது. வேன் வாசலுக்கு வந்துவிட்டது என்று இறங்கிப் போயிருப்பாள். வாசலில் வேன் இல்லை. இரண்டாவது அடி வந்ததும் வேன் வேறு எங்கேயோ நிற்கிறது என்று தேடப் போயிருப்பாள். கண்ணாடி இல்லாமல் அந்தச் சின்னத் திரையில் யார் நம்பர் என்று அவளுக்குத் தெரியாது. முன்னூறு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு நான்தான் அவளை வெயிலில் ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இந்தத் தடவை எடுப்பாள் என்று மூன்றாவது முறை அடித்தேன். எடுத்தாள். பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எடுத்த வேகத்தில் வைத்துவிட்டாள். லோரி சத்தம் மட்டும் கேட்டது. ரோட்டில்தான் நிற்கிறாள். அந்த ஒரு விநாடிக்கு ஒரு நிமிடக் காசு போனது. மீதி பதினெட்டு வெள்ளி. பாலாவுக்கு அடித்தேன். காசு போதாது என்று ஒரு பெண்குரல் மலாயில் மரியாதையாகச் சொன்னது.

“சென்டருக்கு அடிங்க” என்றாள் கமலா.

“எதுல அடிக்கிறது? காசு இல்ல. நம்பரும் வீட்டு காலண்டர்ல இருக்கு.”

“டாப் அப் போடுங்க.”

“கடை எங்க இருக்கு இங்க?”

அவள் கடலைப் பார்த்தாள்.

11.05.

ஐந்தாவது மாடி வரவேற்பு மேசை. எனக்கு முன்னால் ஒன்பது பேர். ஒருவருக்கு நீச்சல்குளத் துண்டு போதவில்லை. ஒரு அம்மாவுக்கு இரவு நாடகத்தில் முன்வரிசை வேண்டும். நின்றேன்.

என் முறை வந்தது. மேசையில் இருந்த பெண் சிரித்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். என் தங்கை, கிள்ளான், போன் பேச வேண்டும், உடனே. அவள் இணையப் பேக்கேஜ் விலை அட்டையைத் திருப்பிக் காட்டினாள். செய்தி மட்டும் அனுப்ப ஒரு நாளைக்கு 12 டாலர். பேச வேண்டும் என்றால் 25 டாலர். சரி, 25 போடு என்றேன். என் போனில் ஒரு பக்கம் திறந்தது. ஈமெயில் கேட்டது. ஈமெயிலுக்கு ஒரு எண் வரும், அதை இங்கே போட வேண்டும் என்றாள். என் ஈமெயிலைத் திறந்து கொடுத்தது மகன். பாஸ்வேர்டு அவனிடம். அவனிடம் கேட்க போன் வேண்டும். போன் பேச அந்த எண் வேண்டும்.

உன் போனைக் கொடு, ஒரு நிமிடம் என்றேன். அறையில் இருக்கும் போனில் கரைக்குப் பேசலாம் என்றாள். லைனை அவர்கள்தான் திறந்துவிட வேண்டுமாம். அதற்குக் கடன் அட்டை வேண்டும். கடன் அட்டை மகனுடையது. அப்படியென்றால் மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும், அவர் பன்னிரண்டரைக்கு வருவார் என்றாள்.

நான் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தேன். தட்டவில்லை. வைத்தேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

யாருக்காவது உடம்பு சரியில்லையா, கப்பல் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

“கப்பலில் எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

11.40.

எங்கள் மாடி நடையில் சேவியர் துணிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்து நின்றார். சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன்.

“அந்தம்மாட்ட ஏன் போனிய அண்ணாச்சி? அது பயணி கணக்கு. எங்களுக்கு வேற கார்டு. பத்து டாலருக்கு வாங்கி மாசம் பூரா ஓட்டுவோம். பிள்ளைக மொகத்தப் பாக்கணும்லா?”

“எனக்கு ஒரு நிமிசம் போதும்.”

“குடுக்கக் கூடாது. பாத்தா எழுதி ஊருக்கு அனுப்பிருவாங்க.” அக்கம்பக்கம் பார்த்தார். “இதுக்குள்ள வாங்க.”

துணி அடுக்கும் அறை. இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். பாலா நம்பரை என் போனில் பார்த்து அவர் போனில் போட்டார். இணையம் வழியாகப் போகிற அழைப்பு. பாலா கட் பண்ணினான். இந்தியா நம்பர். இன்னொரு தடவை போட்டார். எடுத்தான்.

“பாஸ், போலீஸ்ல இருந்து பேசறேன்னு சொல்லப் போறீங்களா? என் பேங்க்ல நாலு வெள்ளிதான் இருக்கு. வேற ஆளப் பாருங்க.”

“பாலா, நான்தான்டா.”

“அண்ணே? இது என்ன நம்பர்?”

“எங்க இருக்க?”

“மேருல, கடையில. இன்னும் அக்கா மிஸ்ட் கால் கொடுக்கலியே. அதான் தே தண்ணி குடிச்சிட்டு...”

“எனக்குக் கொடுத்துட்டா. ரோட்டுல நிக்கிறா. போடா.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. லைன் போனது.

பாலா செய்தி அனுப்பினால் வந்து சொல்கிறேன் என்றார் சேவியர். பன்னிரண்டு மணிக்கு ஊழியர்களுக்குப் பயிற்சி, அதற்குப் போனைக் கொண்டுபோகக் கூடாது, முடிந்ததும் வருகிறேன் என்றார். காசு நீட்டினேன். வாங்கவில்லை.

“மேசையில மட்டும் சொல்லிராதிய.”

12.00 முதல் 2.20 வரை.

சேவியர் வந்தால் ஆள் இருக்க வேண்டும் என்று அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் இல்லை. ஒலிபெருக்கியில் பிங்கோ விளையாட்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். பிறகு தள்ளுபடி நகைக்குக் கூப்பிட்டார்கள். பிறகு மறுபடி பிங்கோ.

“அவ ஒன்னும் சின்னப் பிள்ள இல்ல” என்றாள் கமலா.

நான் போனை எடுத்து மணி பார்த்தேன்.

“பாலா போயிருப்பான்.”

பிரிக்பீல்ட்ஸ் ஏஜெண்டை நினைத்துப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கூடுதல் எரிச்சல். சிக்னல் இருந்தது. நான் அடித்தது நடுக்கடலில் இருந்து கிள்ளானுக்கு மூன்று தடவையும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. போகாமல் இருந்திருந்தால் அவள் வேன் வரும் என்று மேலே ஏர்கோனில் உட்கார்ந்திருப்பாள்.

2.20.

சேவியர் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. போனைக் காட்டினார். பாலா 12.25க்கு அனுப்பிய செய்தி: ‘அண்ணே ஆள் இல்ல. மேல கேட்டேன். 11 மணிக்கே எறங்கிட்டாங்களாம். தேடறேன்.’

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சேவியர் அடித்துப் பார்த்தார். போகவில்லை.

“கார்டு தீந்துட்டு அண்ணாச்சி” என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அது அவர் பிள்ளைகளுக்கு வைத்திருந்த கார்டு.

3.00.

புக்கெட். கப்பல் கரைக்குப் போகவில்லை. தள்ளி நின்றது. சின்னப் படகில் பாத்தோங் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். சீட்டு எண் பிரகாரம்தான் படகு. எங்கள் சீட்டு 214. கூப்பிட்டது 60. நான் சீட்டைக் காட்டாமல் போய்ப் படகில் உட்கார்ந்தேன். தடுக்க வந்த ஆள் என்னைப் பார்த்துவிட்டு விலகினான். கமலா பின்னாலேயே ஏறினாள். வாழ்க்கையில் நான் வரிசையை மீறியது அன்றைக்குத்தான்.

3.50.

கடற்கரையில் முதல் கடையிலேயே சிம் விற்றார்கள். 299 பாட். மலேசியாவுக்குப் பேசலாம். கடைக்காரியே போட்டுக் கொடுத்தாள். இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

“அண்ணே” என்றான் பாலா. “கெடச்சிட்டாங்க.”

நான் போனைக் காதோடு அழுத்தினேன். அவனே சொன்னான்.

“பின்னால் ரோட்ல, டயர் கடைக்குப் பக்கத்துல விழுந்துட்டாங்க. டயர் கடை ஆப்பெக், அந்தச் சீனக் கெழவரு, தூக்கி உக்கார வெச்சு ஆம்புலன்ஸுக்கு அடிச்சிருக்காரு. தல ஒடஞ்சு நாலு தையல். ஊசி போட்ட கைலயும் ரத்தம் போயிருக்கு. பிரஷர் எறங்கிருச்சாம். நான் பின்னால் ரோட்டுக்குப் போய்க் கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது.”

“பேசுறாளா?”

“பேசுறாங்க. என்னத்தான் திட்டுனாங்க. வேன எங்கடா வெச்ச, எத்தன தடவ அடிப்பன்னு.”

முன்வாசலில் இடம் இல்லாவிட்டால் நான் பின்னால் ரோட்டில் நிறுத்துவது வழக்கம். என் இரண்டாவது அடிக்குத்தான் அவள் அங்கே போயிருக்கிறாள்.

“கொடு, பேசறேன்.”

“தூங்கறாங்க அண்ணே. இன்னிக்கி வச்சிருந்து நாளைக்கி விடுவாங்களாம். நான் இருக்கேன்.”

புக்கெட்டைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மணல் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் படுத்திருக்கிறார்கள். வெட்டிய மாம்பழம் 60 பாட். கமலா ஒரு துண்டு என் கையில் வைத்தாள். நசுங்கிப் போகும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னாள்.

திரும்பப் படகு ஏறுமுன் அதே கடையில் ஊழியர் கார்டுக்கு ஈடாக என்ன வாங்கலாம் என்று கேட்டு, இன்னொரு 299 பாட் சிம் வாங்கினேன். சேவியருக்கு. இதை வாங்கிக்கொண்டார். கப்பல் இங்கே நிற்கும்போது பிள்ளைகளோடு நிறைய நேரம் பேசலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை.

காலையில் மறுபடி கரைக்குப் போய்ப் பாலாவுக்கு அடித்தேன். பார்வதியை மத்தியானம் வீட்டுக்கு விடுகிறார்கள், அவன் மனைவி இரவு கூட இருப்பாள் என்றான். பிற்பகலில் கப்பல் திரும்பியது. தாய்லாந்து சிம் அரை மணி நேரத்தில் செத்தது. கப்பல் சிக்னல் வந்தது. நான் என் போனை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

வரவேற்பு மேசையில் ஒரு தாள் கொடுத்தார்கள். பயணம் எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள். தொடர்பு வசதி என்று ஒரு வரி இருந்தது. கமலா பேனாவை என் கையில் இருந்து வாங்கிவிட்டாள்.

சனிக்கிழமை, காலை 9.10.

மறுபடி புலாவ் இண்டா துறைமுகம். பெட்டி வர நாற்பது நிமிடம். அங்கிருந்து நேராக டயாலிசிஸ் நிலையம். முன்வாசலில் இடம் இல்லை. பின்னால் ரோட்டில் நிறுத்தினேன். டயர் கடை திறந்திருந்தது. ஆப்பெக் ஒரு மோட்டார் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். போய் நன்றி சொன்னேன். அவர் மலாயில் பேசினார்.

“நீதான் அந்த அண்ணனா? உன் தங்கை கீழே விழுந்த பிறகும் போனை விடவில்லை. வேன் வந்துவிட்டது, வேன் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.”

இந்த ஊரில் நான் எந்தப் பேக்கேஜும் வாங்கியதில்லை. கீழே விழுந்தால் டயர் கடைக்காரர் தூக்குகிறார். கப்பலில் ஒரு கையெழுத்துக்குப் பன்னிரண்டரை வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். பத்திரிகையில் வர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போகிறவர்கள் போங்கள். ஆனால் வீட்டில் உங்களை நம்பி ஒருவர் இருந்தால், உங்கள் போன் அடித்தால் அவர் என்ன செய்வார் என்று யோசித்துவிட்டுப் போங்கள். நான் யோசிக்கவில்லை.

மேலே ஏறினேன். பார்வதி மெஷினில் இருந்தாள். நெற்றியில் கட்டு. ஒரு கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“கப்பல் நல்லா இருந்துச்சா?”

“எடுத்துப் பேச வேண்டியதுதானே?”

“எப்ப?”

“அன்னிக்கி. மூனு தடவ அடிச்சேன்.”

“அது நீயா? பாலான்னு நெனச்சேன்.”

“யாரா இருந்தா என்ன? எடுக்க வேண்டியதுதானே.”

அவள் நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள்.

“எடுக்காதன்னு நீதான அண்ணே சொன்ன. நாலு வருசமா.”

பக்கத்துப் படுக்கைக்காரர் வேறு பக்கம் திரும்பினார். தாதி ஏதோ எழுதுவதுபோல நின்றாள். கப்பலில் இருந்து கோபம் முழுவதையும் கொண்டுவந்திருந்தேன். கொட்ட அங்கே யாரும் இல்லை.

“இனிமே எடு” என்றேன்.

“எடுத்து?”

“பேசு.”

“என்ன பேசறது?”

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெஷின் இன்னும் முப்பத்தைந்து நிமிடம் காட்டியது.